கணிப்பொறிக்கு மொழி கற்பித்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

ஊர் கூடித் தேர் இழுப்பது நம் முன்னோர் வழக்கு. ஆயிரம் கைகள் வடம் பிடித்தாலும், எப்போது இழுப்பது, எந்த முனையில் திருப்புவது, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவர் யார் என்று அறிந்த ஒருவர் முன்னே நிற்காவிட்டால் தேர் நிலைக்கு வந்து சேராது. நம் பள்ளி ஆண்டு விழாவையே எடுத்துக்கொள்வோம். நாடகம் ஒருபுறம், பாடற்குழு ஒருபுறம், கண்காட்சி ஒருபுறம், விருந்தினர் வரவேற்பு மற்றொருபுறம்! எல்லாம் ஒரே நாளில் நிறைவேற வேண்டும். அத்தனையையும் தானே செய்ய முயலும் தலைவி களைத்துப் போகிறாள். ஒன்றும் செய்யாமல் ஏவிக்கொண்டே இருக்கும் தலைவியோ மற்றவர்களைக் களைக்க வைக்கிறாள். இவ்விரண்டுக்கும் நடுவே நல்ல வழி ஒன்று உண்டா?

உண்டு என்று தம் வாழ்வால் காட்டியவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார். கணிப்பொறிகள் தோன்றிய காலத்திலேயே அவற்றோடு உறவு கொண்டவர். மென்பொருள் என்ற சொல் பரவுவதற்கு முன்பே மென்பொருள் குழுக்களை நடத்தியவர். ஒரே சமயத்தில் பல பணிகளைப் பலர் கையில் ஒப்படைத்து, அவற்றை ஒரே நோக்கத்தில் இணைத்தவர். அவருடைய வரலாற்றை நாம் இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் வளர்ப்பும்

அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் 1906-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் கிரேஸ் பிறந்தார். தந்தை வால்டர் மரே காப்பீட்டுத் தொழில் புரிந்தவர். தாய் மேரி கணக்கில் விருப்பம் உள்ளவர். மூன்று குழந்தைகளில் கிரேஸே மூத்தவர். கொள்ளுப்பாட்டனார் ஒருவர் கடற்படையில் உயர்ந்த பதவி வகித்தவர்.

கிரேசுக்கு ஏழு வயது இருக்கும்போது வீட்டில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. எழுப்புமணிக் கடிகாரம் எப்படி ஒலிக்கிறது என்று அறிய ஒன்றைப் பிரித்தார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. இன்னொன்றைப் பார்த்தால் தெரியும் என்று அதையும் பிரித்தார். இப்படியே வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் பல் சக்கரங்களாகத் தரையில் கிடந்தன! தாயார் அடிக்கவில்லை. இனி ஒரே ஒரு கடிகாரம் உனக்கு, மற்றவற்றைத் தொடாதே என்று எல்லை வகுத்துக் கொடுத்தார். ஆர்வத்தை அணைக்காமல் அளவு கற்பித்த அந்தத் தாயை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தந்தையார் நோயினால் இரு கால்களையும் இழந்தார். மரக்கால்களும் கைத்தடிகளும் கொண்டே நடந்து அலுவலகம் சென்றார். தமக்குப் பின் பெண்மக்கள் பிறரை அண்டி நிற்கக்கூடாது என்று கருதி, மகனுக்குக் கிடைக்கும் கல்வி மகள்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். இது பெண்களைப் பட்டப்படிப்புக்கு அனுப்பப் பலர் தயங்கிய காலம் என்பதை நாம் மறக்கலாகாது.

கல்வியும் ஆசிரியப் பணியும்

பதினாறாம் வயதில் வாசர் மகளிர் கல்லூரியில் சேரத் தேர்வு எழுதினார். இலத்தீன் பாடத்தில் தவறினார்! ஓராண்டு காத்திருந்து, மீண்டும் எழுதி, இடம் பெற்றார். 1928-இல் கணிதத்திலும் இயற்பியலிலும் சிறப்பாகப் பட்டம் பெற்று, யேல் பல்கலைக்கழகத்தில் 1930-இல் முதுகலைப் பட்டமும் 1934-இல் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1930-இல் வின்சென்ட் ஹாப்பர் என்னும் ஆங்கிலப் பேராசிரியரை மணந்தார். அவ்வாழ்க்கை நீடிக்கவில்லை, 1945-இல் இருவரும் சட்டப்படி பிரிந்தனர். ஹாப்பர் என்னும் பெயர் மட்டும் அவருடன் நிலைத்தது.

1931 முதல் தாம் படித்த வாசர் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்தார். வகுப்பின் தொடக்கத்தில் கணித வாய்பாடு ஒன்றைக் கொடுத்து, அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வார். எழுத்துப்பிழை, வாக்கியப்பிழை எல்லாவற்றையும் திருத்தித் தருவார். நாங்கள் வந்தது கணக்கு வகுப்புக்கா, ஆங்கில வகுப்புக்கா என்று மாணவிகள் முணுமுணுப்பார்கள். கற்றதைப் பிறருக்கு விளங்க உரைக்க முடியாவிட்டால் அந்தக் கணக்கால் யாருக்குப் பயன் என்பது அவருடைய விடை. பின்னாளில் அவர் ஆற்றிய பெரும் பணிகள் எல்லாவற்றுக்கும் விதை இந்த ஒரு கருத்தே ஆகும்.

போரும் கடற்படையும்

இரண்டாம் உலகப் போர் மூண்டது. நாட்டுக்குத் தாமும் பணி செய்ய வேண்டும் என்று அம்மையார் விரும்பினார். கடற்படையோ மறுத்தது. வயது கூடுதல், எடை குறைவு, கணிதப் பேராசிரியராக இருப்பதே நாட்டுக்கு நன்மை என்று மூன்று காரணங்கள்! எடை 105 பவுண்டுதான். அவர் விடவில்லை. தனி அனுமதி பெற்று, 1943 டிசம்பரில் கடற்படை மகளிர் சேமப் பிரிவில் சேர்ந்தார். தம் மாணவிகளின் வயதுடைய இளம்பெண்களோடு 37 வயதில் அணிவகுப்புப் பழகினார். பயிற்சியில் முதலிடம் பெற்று அதிகாரியானார்.

1944 ஜூலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஹோவர்டு ஐக்கன் என்பவரின் தலைமையில் மார்க்-1 என்ற கணிப்பொறி இயங்கியது. நீளம் 51 அடி, உயரம் 8 அடி, எடை ஏறத்தாழ 5 டன். ஒரு வினாடிக்கு மூன்று கூட்டல் செய்யும். இன்று நம் கைக்குள் அடங்கும் கருவியின் வேகத்தோடு ஒப்பிட்டால் அது ஆமை. அன்றோ அது அதிசயம்! செய்ய வேண்டியவற்றை எண்களாக மாற்றி, நீண்ட காகித நாடாவில் துளைகளாக இட்டு, இயந்திரத்துக்கு ஊட்ட வேண்டும்.

போய்ச் சேர்ந்த அன்றே ஐக்கன் இயந்திரத்தைக் காட்டி, கடினமான கணக்கு ஒன்றைக் கொடுத்து, ஒரு வாரத்தில் முடிக்கச் சொன்னாராம். ஏற்கெனவே குழுவில் இருந்த இளைஞர் இருவர், நரைத்த பேராசிரியை ஒருத்தி வருகிறாள் என்று கேள்விப்பட்டு, அவள் பக்கத்து மேசை எனக்கு வேண்டா, உனக்கு வேண்டா என்று தமக்குள் பேரம் பேசினார்களாம்! அம்மையாரே பின்னாளில் இதைச் சொல்லிச் சிரிப்பார். சில நாள்களில் அவ்விளைஞர்களே அவருக்கு உற்ற துணையானார்கள். அவர்களிடம் கேட்டுக் கற்க அம்மையார் வெட்கப்படவில்லை.

இரவும் பகலும் இயந்திரம் ஓடியது, குழுவும் ஓடியது. அணுகுண்டு ஆய்வோடு தொடர்புடைய கணக்கு ஒன்றும் அங்கே போடப்பட்டது. அது எதற்கு என்பது அதில் உழைத்தவர்களுக்குப் பின்னரே தெரிந்தது. அறிவு எதற்குப் பயன்படுகிறது என்பதை அறியாமலே உழைக்க நேர்வது போர்க்காலத்தின் கொடுமைகளுள் ஒன்று என்று நாம் எண்ணுகிறோம்.

இந்தப் பரபரப்புக்கு நடுவே ஐக்கன் இன்னொரு வேலையும் தந்தார். இயந்திரத்தை இயக்கும் முறை பற்றி ஒரு நூல் எழுத வேண்டும். அம்மையார் நாள்தோறும் சில பக்கங்கள் எழுதி, மாலையில் தலைவருக்குப் படித்துக் காட்டுவார். இவ்வாறு சிறுகச் சிறுக வளர்ந்த நூல் 1946-இல் 561 பக்கங்களுடன் வெளிவந்தது. மலைபோன்ற வேலையையும் நாளுக்கு நாள் பங்கிட்டால் முடிக்கலாம் என்பதற்கு இது சான்று.

1947 செப்டம்பர் 9 அன்று மார்க்-2 இயந்திரம் பழுதுபட்டது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு விட்டிற்பூச்சி சிக்கி இறந்து கிடந்தது! குழுவினர் அதை எடுத்து நாட்குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். கணிப்பொறிப் பிழையைப் பூச்சி என்று ஆங்கிலத்தில் சொல்வது இதனால் வந்ததென்றும், கண்டவர் ஹாப்பரே என்றும் பலர் கூறுவர். உண்மை என்னவெனில், அச்சொல் பொறியாளர் வழக்கில் முன்பே இருந்தது. பூச்சியைக் கண்டெடுத்தவர் குழுவினர். அக்கதையை நாடெங்கும் சொல்லிப் பரப்பியவரே அம்மையார். அந்தக் குறிப்பேடு இன்றும் வாஷிங்டன் நகரின் அருங்காட்சியகம் ஒன்றில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

இருளும் விடிவும்

பெரியோர் வாழ்வில் வெற்றிகளை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைப்பது முறையன்று. போர் முடிந்ததும் கடற்படையின் முழுநேரப் பணியில் தொடர விரும்பினார்; வயது மீறிவிட்டது என்று மறுக்கப்பட்டார். ஹார்வர்டில் கிடைத்த ஆய்வாளர் பதவியும் 1949-இல் முடிந்தது. மணவாழ்வு முறிந்திருந்தது. ஓயாத உழைப்பின் சோர்வும் தனிமையும் சேர்ந்து அவரை மதுப்பழக்கத்தில் தள்ளின. உயிருக்கே ஆபத்தான நிலை. அவ்வேளையில் நண்பர்கள் அவரைக் கைவிடவில்லை. அவர்களுள் ஒருவரான எட்மண்ட் பெர்க்லி, அம்மையாரின் திறமையையும் அவர் அதை அழித்துக்கொள்வதையும் எடுத்துக்காட்டி, மனம் திறந்து கடிதம் எழுதினார்.

அம்மையார் மெல்ல மீண்டார். விழுந்தவர்களைத் தூக்கிவிடும் கைகளை இறைவன் அனுப்புகிறார் என்று நாம் நம்புகிறோம். பிற்காலத்தில் அவர் தம் கீழிருந்த இளைஞர்களிடம் காட்டிய பொறுமைக்கு, தாம் ஒருநாள் பிறர் பொறுமையால் பிழைத்தோம் என்ற நினைவும் ஒரு காரணமாய் இருந்திருக்கலாம்.

ஒருமுறை செய்தது அனைவருக்கும்

1949-இல் பிலடெல்பியா நகரில் எக்கர்ட், மாக்லி என்னும் இருவர் தொடங்கியிருந்த சிறிய கணிப்பொறி நிறுவனத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே அதை ரெமிங்டன் ராண்ட் என்ற பெரிய நிறுவனம் வாங்கிக்கொண்டது. யூனிவாக் என்னும் கணிப்பொறி அங்கேதான் உருவாயிற்று. முதலாவது யூனிவாக் 1951-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணிப்பு அலுவலகத்துக்குத் தரப்பட்டது.

அங்கே அம்மையார் பழகிய ஓர் இயந்திரம் எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில் இயங்கியது. அதில் 8, 9 என்னும் இலக்கங்களே இல்லை; ஏழுக்கு அடுத்து வருவது 10. பகலெல்லாம் அம்முறையிலேயே கணக்கிட்டுப் பழகியவர், தம் வங்கிக் கணக்கையும் அறியாமல் அம்முறையிலேயே போட்டுவிட்டார்! மாதக்கணக்கில் கணக்கு ஒத்துவரவில்லை. வங்கித் துறையில் இருந்த தம்பி ரோஜர்தான் உட்கார்ந்து தவற்றைக் கண்டுபிடித்தார். மனிதர் இயந்திரத்தின் வழிக்கு வளைவதைவிட இயந்திரம் மனிதரின் வழிக்கு வருவதன்றோ நியாயம் என்று அம்மையார் சிந்தித்தார்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. சைன் மதிப்புக் காண்பது போன்ற கணக்குகள் அடிக்கடி வரும். அதற்குரிய ஆணைகளை ஒருவர் எழுதித் தம் குறிப்பேட்டில் வைத்திருப்பார். மற்றவர் அதைப் பார்த்துப் படியெடுப்பார். படியெடுக்கும்போது ஓர் எண் மாறினாலும் விடை முழுவதும் தவறு. மனிதர் படியெடுப்பதில் தவறுவர்; இயந்திரமோ தவறாது. அப்படியானால் அந்த வேலையை இயந்திரத்திடமே கொடுத்தால் என்ன?

நம் வீடுகளில் தாய்மார் சாம்பார்ப் பொடியை நாள்தோறும் அரைப்பதில்லை. ஒருமுறை பக்குவமாக அரைத்துப் புட்டியில் இட்டு, பெயர் எழுதி வைக்கிறார்கள். வேண்டும்போது எடுத்துக் குழம்பில் சேர்க்கிறார்கள். அம்மையார் செய்ததும் அதுவே. சோதித்துச் சரிபார்த்த ஆணைத் தொகுதிகளைக் காந்த நாடாவில் பதித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பெண் கொடுத்தார். எழுதுபவர் அழைப்பெண்ணை மட்டும் குறித்தால் போதும். கணிப்பொறியே உரிய தொகுதியைத் தேடி எடுத்து, ஒழுங்காகக் கோத்து, முழு ஆணைத் தொடரை உருவாக்கிக்கொள்ளும். பல இடத்துப் பொருள்களைத் தொகுப்பதால் இதற்குத் தொகுப்பி என்று பெயர். ஏ-0 என்ற இந்த முதல் தொகுப்பி 1952-இல் செயலுக்கு வந்தது.

வரவேற்பு எப்படி இருந்தது? ஒருவரும் நம்பவில்லை! கணிப்பொறி கூட்டும், கழிக்கும். தானே ஆணைத் தொடர் எழுதுமா என்று கைவிரித்தனர். இயந்திர மொழி அறிந்த சிலருக்கோ வேறு மனக்கவலை. எல்லாரும் எளிதாக எழுதிவிட்டால் தங்கள் மதிப்பு என்னாவது? அம்மையார் சண்டையிடவில்லை. அடுத்தடுத்துத் திருத்தி, ஏ-2 என்ற தொகுப்பியை யூனிவாக் வாங்கியிருந்த அலுவலகங்களுக்கு அனுப்பினார். உள்ளே எழுதியிருப்பது அத்தனையும் திறந்து காட்டி, குறை கண்டால் திருத்தித் திருப்பி அனுப்புங்கள் என்று வேண்டினார். பயன்படுத்துவோர் இவ்வாறு பணியிலும் பங்காளிகள் ஆயினர். தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனைப் பற்றி நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். அம்மையார் தம் தாலந்தைப் புதைக்கவில்லை. பலர் கையில் கொடுத்துப் பெருக்கினார்.

பல பணிகள், ஒரு நோக்கம்

1954-இல் தானியங்கி ஆணையாக்கத் துறை என்ற புதிய துறைக்கு அம்மையார் இயக்குநர் ஆனார். அவர் முன் ஒரே சமயத்தில் பல பணிகள் நின்றன. ஏற்கெனவே அனுப்பிய தொகுப்பிகளைச் சீர்படுத்த வேண்டும். விஞ்ஞானிகளின் கணக்குக்கு ஏற்ற மொழி ஒன்று ஆக்க வேண்டும். வணிகம், சம்பளக் கணக்கு, சரக்கு இருப்பு ஆகியவற்றுக்கு வேறொரு மொழி வேண்டும். வாங்குவோருக்குப் பயிற்சியும் அளிக்க வேண்டும். மேலே நிருவாகிகளிடம் பணத்துக்கும் ஆளுக்கும் வாதாட வேண்டும்.

அம்மையார் என்ன செய்தார்? பணிகளைப் பிரித்தார். விஞ்ஞானக் கணக்குக்கான மாத்மாட்டிக் மொழியைச் சார்லஸ் கட்ஸ் என்பவரின் பொறுப்பில் ஒரு குழுவிடம் விட்டார். வணிகக் கணக்குக்கான மொழியை இன்னொரு குழு எடுத்துக்கொண்டது. அதுவே புளோமாட்டிக் எனப் பெயர் பெற்றது. ஒவ்வொரு குழுவின் உள்வேலையிலும் கைவைக்காமல், எல்லாக் குழுக்களும் எதை நோக்கிப் போகின்றன என்பதை மட்டும் தாம் விடாமல் பிடித்துக்கொண்டார். கணிப்பொறி மனிதர் மொழிக்கு அருகில் வர வேண்டும் என்பதே அந்த நோக்கம். ஆண்கள், பெண்கள் என்று பாராமல் திறமை உள்ளவரைச் சேர்த்தார். பொருள்களைத்தான் நிருவகிக்க முடியும், மனிதர்களை வழிநடத்தவே வேண்டும் என்பது அவர் அடிக்கடி வலியுறுத்திய கருத்து.

வணிக மொழிக்காக அவர் கைக்கொண்ட வழி எளியது. அலுவலகங்களில் மக்கள் எந்தச் சொற்களால் வேலையைச் சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். கூட்டு, கழி, ஒப்பிடு, எழுது, நிறுத்து என்பன போன்ற வினைச்சொற்கள் சிலவே திரும்பத் திரும்ப வந்தன. இவற்றையே ஆங்கிலத்தில் எழுதினால் இயந்திரம் புரிந்துகொள்ளும்படி செய்யலாம் என்று 1955 ஜனவரியில் நிருவாகத்துக்கு அறிக்கை கொடுத்தார். கணிப்பொறிக்கு ஆங்கிலம் தெரியாது என்று பதில் வந்தது!

அம்மையாரின் குழு சிறிய மாதிரி ஒன்றைச் செய்து காட்டியது. இயந்திரத்துக்குச் சொல்லும் ஓர் அடையாளமே என்பதை விளக்க, அதே ஆணைத் தொடரைப் பிரெஞ்சுச் சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும் எழுதி இயக்கிக் காட்டினார்கள். நிருவாகிகள் மகிழ்வார்கள் என்று எதிர்பார்த்தால் நடந்தது வேறு. பிலடெல்பியாவில் செய்த அமெரிக்க இயந்திரம் பிரெஞ்சும் ஜெர்மனும் பேசுவதா என்று மிரண்டு போனார்கள்! போர் முடிந்து பத்தாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. ஆங்கிலம் ஒன்று மட்டும்தான் என்று உறுதி கூறிய பிறகே அவர்கள் மனம் அமைதி அடைந்தது. நமக்கோ ஓர் ஆசை எழுகிறது. அன்று நான்காவதாகத் தமிழையும் சேர்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

பொது மொழி பிறந்த கதை

ஒவ்வொரு நிறுவனமும் தன் இயந்திரத்துக்குத் தனி மொழி வைத்திருந்தது. ஓர் இயந்திரத்தை விட்டு வேறோர் இயந்திரம் வாங்கினால் எழுதிய அனைத்தும் வீண். இதைப் போக்க எல்லா இயந்திரத்துக்கும் பொதுவான வணிக மொழி வேண்டும் என்று முதலில் முயன்றவர் மேரி ஹாஸ் என்னும் பெண்மணி. 1959 ஏப்ரல் 8 அன்று பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு குழு கூடியது. ஹாப்பர் அம்மையாரும் இருந்தார். மே 28, 29 நாள்களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் பெருங்கூட்டம் நடந்தது. போட்டி நிறுவனங்களின் ஆட்கள் ஒரே மேசையில் அமர்ந்தார்கள்!

மொழியை வகுக்கும் வேலையைச் செய்த குழுவில் அம்மையார் அமரவில்லை. ஜீன் சாமெட், கெர்ட்ரூட் டியர்னி, பெட்டி ஹோல்பர்ட்டன் முதலிய பெண்களும் ஆண்கள் பலரும் அதில் உழைத்தனர். ஆறு பேர் நியூயார்க் ஓட்டல் ஒன்றில் இரு வாரம் இடைவிடாது அமர்ந்து பெரும்பகுதியை முடித்தனர். அம்மையார் மேலே இருந்த செயற்குழுவுக்கு ஆலோசகராக நின்றார். ஆயினும் அவருடைய குழு ஆக்கிய புளோமாட்டிக்கே புதிய மொழிக்கு அடிப்படை ஆயிற்று. கோபோல் என்று அதற்குப் பெயரிட்டனர். நம் ஊர்க் கோபாலுக்கும் இதற்கும் உறவில்லை. வணிகத்துக்கான பொது மொழி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது.

இத்தனை பேர் கூடிச் செய்யும் வேலை உருப்படாது என்று பலரும் கருதினர். குழுவில் சலிப்படைந்த ஒருவர், கோபோல் என்று பெயர் பொறித்த கல்லறைக் கல் ஒன்றை வாங்கிப் பாதுகாப்புத் துறை அதிகாரிக்கு அனுப்பி வைத்தார்! இறந்து பிறக்கும் என்று கருதிய குழந்தை பிழைத்துக்கொண்டது. 1960 டிசம்பர் 6, 7 நாள்களில் இரு வேறு நிறுவனங்களின் கணிப்பொறிகளில் ஒரே கோபோல் ஆணைத் தொடரை ஓட்டிக் காட்டினர். அறுபது ஆண்டுகள் கழித்து, 2020-இல் பெருந்தொற்றின்போது வேலையிழந்தோர்க்கு உதவித்தொகை வழங்க முடியாமல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் தவித்தபோது, கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று ஆளுநர் அழைத்தார். வங்கிகள் பலவற்றிலும் அது இன்னும் உழைத்து வருகிறது. கல்லறைக் கல் தோற்றது!

கோபோலின் பாட்டி என்று அம்மையாரை உலகம் அழைக்கிறது. ஆனால் அது பலருடைய உழைப்பின் குழந்தை. புகழ் ஒருவர் பெயரில் தங்கிவிடுவது உலக இயல்பு. மற்றவர் பெயர்களையும் நாம் இங்கு எழுதியது அதனாலேயே.

மீண்டும் சீருடை

கடற்படைச் சேமப் பிரிவிலும் அம்மையார் தொடர்ந்து பணியாற்றினார். 1966 இறுதியில் வயது காரணமாக ஓய்வு கொடுத்தார்கள். அது தம் வாழ்வின் துயரமான நாள் என்று அவர் வருந்தினார். ஆனால் ஏழே மாதத்தில் கடற்படை அவரைத் திரும்ப அழைத்தது. கடற்படை அலுவலகங்களில் கோபோல் ஆளுக்கொரு விதமாய்ப் பெருகிக் குழப்பம் விளைத்தது. ஆறு மாதம் வந்து சீர்செய்து கொடுங்கள் என்றார்கள். 1967 ஆகஸ்டில் போனவர் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தார்!

வெவ்வேறு தொகுப்பிகள் ஒரே விதிக்கு அடங்குகின்றனவா என்று சோதிக்கும் ஆணைத் தொடர்களை அவரும் இளம் மாலுமிகளும் சேர்ந்து உருவாக்கினார்கள். இருபது வயது இளைஞர்கள் அவரிடம் புதிய யோசனைகளோடு வருவார்கள். எப்போதும் இப்படித்தான் செய்து வருகிறோம் என்று யாராவது மறுத்தால் அம்மையாருக்குக் கோபம் வரும். அவர் அறையில் மாட்டியிருந்த கடிகாரம் பின்புறமாகச் சுற்றும்! பழக்கம் ஒன்றே காரணமாகாது என்பதைப் பார்ப்பவர்க்கு நினைவூட்டவே அது. நல்ல காரியம் என்று உறுதியாகத் தெரிந்தால் முதலில் செய்துவிடு, பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்றும் இளைஞர்களுக்குச் சொல்வார். இந்த அறிவுரையை மட்டும் நம் விடுதிச் சகோதரிகள் ஏற்பார்களா என்பது ஐயமே!

சொற்பொழிவுக்குச் செல்லும் இடமெல்லாம் ஓரடிக்குச் சற்றுக் குறைந்த கம்பித் துண்டுகளைக் கொண்டுபோய் எல்லாருக்கும் கொடுப்பார். ஒரு நானோ வினாடியில், அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு வினாடியில், ஒளி செல்லும் தொலைவு அது. ஏறத்தாழ 30 செண்டிமீட்டர். செய்தி ஏன் தாமதமாக வருகிறது என்று கேட்ட உயர் அதிகாரிக்கும், கணிப்பொறியை ஏன் சிறியதாக்க வேண்டும் என்று கேட்ட மாணவருக்கும் அந்தக் கம்பியே விடை. வாசர் கல்லூரியில் கட்டுரை எழுதச் சொன்ன அதே ஆசிரியையை நாம் இங்கும் காண்கிறோம்.

1973-இல் கேப்டனாகவும், 1983-இல் கமடோராகவும், 1985-இல் ரியர் அட்மிரலாகவும் உயர்ந்தார். 1986 ஆகஸ்டு 14 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் கான்ஸ்டிடியூஷன் என்னும் பழம்பெரும் கப்பலின் தளத்தில் ஓய்வு பெற்றார். அப்போது வயது 79. கடற்படையின் பணியிலிருந்த அதிகாரிகளுள் அவரே மூத்தவர். பின்னரும் டிஜிட்டல் என்ற கணிப்பொறி நிறுவனத்தில் ஆலோசகரானார். 1992 ஜனவரி முதல் நாள் தம் 85-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. 1997 முதல் ஒரு போர்க்கப்பல் அவர் பெயரைத் தாங்குகிறது. 2016-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

நாம் கற்பன

அம்மையார் வாழ்விலிருந்து நாம் கற்பன பல. ஒருமுறை நன்றாகச் செய்ததை அனைவரும் எடுத்தாளும்படி வைக்க வேண்டும். பணியைப் பகிர்ந்து கொடுத்தபின் நம்பிக்கையோடு விலகி நிற்க வேண்டும். நோக்கத்தை மட்டும் கைவிடலாகாது. தெரிந்ததைத் தெரியாதவருக்கு விளங்கும் சொல்லில் சொல்ல வேண்டும். விழுந்தாலும் எழ வேண்டும். விழுந்தவர்க்குக் கைகொடுக்கவும் வேண்டும்.

கணிப்பொறி துறவற மடத்துக்குத் தொலைவானது என்று யாரும் நினைக்க வேண்டா. 1965-இல், அமெரிக்காவில் கணிப்பொறி இயலில் முதன்முதல் முனைவர் பட்டம் பெற்றவர்களுள் ஒருவராக விளங்கியவர் அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர். அவர் டுபியூக் நகரின் கிளார்க் கல்லூரியில் அத்துறையைத் தொடங்கி இருபது ஆண்டுகள் நடத்தினார். இயந்திர அறிவு ஒரு சிலருக்கே உரியது அன்று என்பதில் அட்மிரலும் அருட்சகோதரியும் ஒரே வழி நின்றவர்கள்.

இயேசு பெருமான் தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியபோது, தலைமை என்பது பணிவிடை என்று உலகுக்குக் காட்டினார். வகுப்புத் தலைவியாயினும், நாளை ஓர் அலுவலகத்தை நடத்துபவராயினும், குடும்பத்தைத் தாங்கும் தாயாயினும், நம் கீழ் உள்ளவர் நம்மால் வளர்ந்தார்களா என்பதே நம் தலைமைக்கு உரைகல். அந்த உரைகல்லில் ஒளிர்ந்தவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார். வாழ்க அவர் புகழ்!